சிரிப்புக்கு விட்ட இடம்

மேடையேறிச் சிரிக்க வைப்பவர்களுக்கு மௌனம் என்றால் பயம். ஒன்றைச் சொல்லிவிட்டு, கூட்டம் சிரித்ததா என்று பார்ப்பதற்குள் அடுத்ததைப் போட்டு மூடிவிடுவார்கள். இவன் மட்டும் சொல்லிவிட்டு, மைக்கைப் பிடித்தபடி சும்மா நிற்பான். அதனால்தான் அந்த வட்டாரத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர் விழுந்தது. அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று பேட்டிகளில் கேட்பார்கள். பயிற்சி என்பான். பொய். கடைசி வரிசையில் அக்கா இருந்தாள். அவ்வளவுதான்.

அப்போது அவன் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில், ஒன்றோடொன்று சேராத நாற்காலிகளுக்கு முன்னால், யார் வேண்டுமானாலும் பேசலாம். முதல் நாள் மைக்கின் முன்னால் ஏறி நின்றான். "எங்க அக்கா ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறா. ஒரு தடவை திட்டினா அவளுக்குப் போதாது. அம்மாவுக்கு ஒரு காப்பி, அப்பாவுக்கு ஒரு காப்பி. ஒரிஜினல் மட்டும் எனக்கு."

ஒருவரும் அசையவில்லை. அடுத்த வரி மறந்துபோனது. ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தபோது, கதவோரம் இருந்து அக்காவின் சிரிப்பு கிளம்பியது. எண்ணெய் காணாத கீல் போலக் கிறீச்சென்று தொடங்கி, நடுவில் மூச்சு வாங்கி, தடதடவென்று இறங்கிவரும் சிரிப்பு அது. யாரடா அது என்று எல்லோரும் திரும்பினார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவன் சொன்னதற்கும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கடையை அடைத்துவிட்டு நேரே வந்துவிடுவாள். மாடியிலிருந்து அரங்கத்துக்கும், அரங்கத்திலிருந்து பெரிய அரங்கத்துக்கும் அவன் போனான். பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். அவள் கோபம், அவள் கஞ்சத்தனம், அவள் வண்டி ஓட்டும் லட்சணம்.

"என்னை வித்துத்தானே பொழைக்கிற? விலையையாவது ஏத்துடா" என்பாள்.

"பழைய சரக்கு அக்கா. இந்த விலைக்குப் போறதே பெரிசு."

கையில் இருந்த பையாலேயே முதுகில் ஒன்று வைப்பாள்.

படம் எடுக்கச் சொல்லி ஒரு தயாரிப்பாளர் வந்தார். அக்கா, தம்பி கதை. காப்பீட்டு வேலையை விட்டான். ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. அக்கா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். சமையலறைக் காட்சி. ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயில் போவதற்குள் எடுத்தாக வேண்டும். அக்காவாக நடித்த பெண், அக்காவைப் போலவே இடுப்பில் கைவைத்து ஒரு திட்டு திட்டினாள்.

கிறீச்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கிறீச். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "இல்லடா, இல்லடா, இனிமே இல்ல" என்றாள். மூன்றாவது முறையும் சிரித்துவிட்டாள். வெயில் சுவரைவிட்டு இறங்கிவிட்டது. எல்லோரும் இயக்குநரான அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"அக்கா, சிரிக்கணும்னா வெளிய போய்ச் சிரி. இங்க வேலை நடக்குது."

சொல்லும்போதே அது யாருடைய குரல் என்று அவனுக்குப் புரியவில்லை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "சரிடா. நானே கிளம்பலாம்னுதான் இருந்தேன்." தரையில் கிடந்த வயர்களைத் தாண்டித் தாண்டிக் கவனமாகப் போனாள். போன் செய்து பேசிவிடலாம் என்று அவன் நினைத்தான். நாளை, நாளை என்று தள்ளிப்போட்டான்.

படத்தொகுப்பு அறையில் வேறு பிரச்சினை முளைத்தது. தொகுப்பாளர் சுறுசுறுப்பான பெண்மணி. திரையை நிறுத்திக் கேட்டார்: "சார், வசனம் முடிஞ்சுது. ஏன் எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க?"

"சிரிக்கிறதுக்கு இடம்."

"யாரு சிரிக்கிறதுக்கு?"

கிறீச், மூச்சு, தடதட. இத்தனை வருடத்தில் அந்த நீளம் அவன் உடம்பில் ஊறிவிட்டது. நடிகர்களை அவ்வளவு நேரம் நிற்கவைத்தே எடுத்திருந்தான்.

"மேடையில நீங்க காத்திருக்கலாம் சார். படத்துக்கு எதிர்ல யாரு இருக்காங்கன்னே தெரியாது. அது எப்படிக் காத்திருக்கும்?"

"வெட்ட வேணாம்."

வெட்டவில்லை. படம் வெளியான முதல் நாள் மதியக் காட்சியில் அரங்கம் பாதிகூட நிறையவில்லை. அக்காவுக்கு அவள் கணவரான மாமா மூலமாக டிக்கெட் அனுப்பியிருந்தான். கடையில் ஆள் இல்லையாம், வரமாட்டாள் என்று மாமா சொல்லிவிட்டார். முன்வரிசையில் தனியாக உட்கார்ந்தான். ஒவ்வொரு சிரிப்பு வசனத்துக்கும் பிறகு ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு இருமல், ஒரு பொட்டலம் பிரிக்கும் ஓசை. "படம் நின்னுபோச்சா?" என்று யாரோ கேட்டதற்குத்தான் அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்தடுத்த படங்களில் அந்தப் பெண்மணி அவனைக் கேட்காமலே வெட்டினார். அவை ஓடவும் செய்தன. ஆனால் அதெல்லாம் பிறகு. முதல் படம் அரங்குகளைவிட்டுப் போன வாரம், அவன் ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

அக்கா தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாடா டைரக்டரு. மெலிஞ்சுட்டியே."

"படம் பாக்கவே இல்லல்ல நீ?"

"யாரு சொன்னா? முதல் நாளே பாத்தேன். கடைக்கு மாத்து ஆள் வந்துடுச்சு, ஓடி வந்தேன். கடைசி வரிசை, கதவோரம். வெளிச்சம் போடறதுக்குள்ள கிளம்பிட்டேன்."

"அந்த மதியக் காட்சியா? நானும் அங்கதான் இருந்தேன். உன் சத்தமே கேக்கலையே அக்கா."

"எப்படிடா கேக்கும்? வயித்தைப் புடிச்சுட்டுல்ல கிடந்தேன்! கைக்குட்டையைக் கடிச்சுக் கடிச்சு ஓட்டையே போட்டுட்டேன். மறுபடியும் என்னால உன் வேலை கெடக்கூடாதுல்ல?" தாளைத் தட்டி நேராக்கினாள். "நல்ல வேளை, ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுத்திருந்த."

மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் எதையும் இந்த அக்காவிடம் அவன் பழகியதே இல்லை. பழகிய ஒன்றைத்தான் சொன்னான்.

"என்னை ஒரு தடவை திட்டேன். காப்பியெல்லாம் வேணாம். ஒரிஜினல் மட்டும் குடு."

சொல்லிவிட்டு, பழையபடி சும்மா நின்றான். அக்காவின் தோள் குலுங்கியது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. ஆனால் கை தானாகவே கைக்குட்டையைத் தேடிப்போய் வாயில் வைத்து அழுத்திக்கொண்டது. அதில் ஓரமாக ஒரு ஓட்டை.

இங்கே கேமரா இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தான். வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கலரா சார், கறுப்பு வெள்ளையா?"

இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவன் ஓரமாக நகர்ந்து காத்திருந்தான்.