நோரீனிடம் பாதிச் சாவி

எங்கள் டான்ஸ்லியில் ரோடு வேலை பார்க்கிறவள் நோரீன் புஷே. எங்கள் வெர்மான்ட் மாநிலத்துக் குளிரில் பனியை வழித்துத் தள்ளுவாள். மார்ச்சில் சேறு கிளம்பினால் மண்ரோட்டைச் சமன் செய்வாள். பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. பொய் மட்டும் வராது. அது ஒரு வியாதி மாதிரி. என் கல்யாணத்தன்று கேக் எப்படி என்று மணப்பெண் கேட்டதற்கு, "காஞ்சு கெடக்கு" என்றவள்.

நான் பால் லாரி ஓட்டுகிறேன். எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எந்த ரோட்டில் சக்கரம் புதையும் என்று தெரியாவிட்டால் என் பிழைப்பு நாறிவிடும். முன்பு ஊர்ச் செய்தி முழுக்க ஒரு பெரிய கம்பெனியின் இணையப் பக்கத்தில்தான் வரும். தொலைந்த நாய், விற்கிற வைக்கோல், சாவு, எல்லாம். ஒரு வசந்தத்தில் வெள்ளம் வந்து பாலம் உடைந்தது. நோரீன் உடனே அதில் எழுதினாள். கம்பெனியோ எனக்கு பூட்ஸ் விளம்பரத்தையும் எவனுடையதோ ஒரு பூனையையும் காட்டிவிட்டு, அவள் எழுதியதை மறுநாள் காட்டியது. அதற்குள் என் லாரி பாலத்து முனையில் அச்சு வரை புதைந்து, ஏற்றிய பால் கெட்டுப்போயிருந்தது. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. எங்களைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்களுடைய போன் நம்பர் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த குளிர்காலத்தில் நோரீன் பக்கத்து ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்து, தீயணைப்பு நிலையத்துச் சாமான் அறையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்தாள். எங்கள் ஊர்ச் செய்தி அதில். பக்கத்து ஊருக்கு அவர்களுடையது. இரண்டும் பேசிக்கொள்ளும், ஒன்றுக்கொன்று எஜமான் கிடையாது. பாலம் மூடினால் முதலில் அதைத்தான் சொல்லும். ஆட்கள் அதிலேயே தனிக் கடிதமும் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட ஜிம்மில் மடக்கு நாற்காலி போட்டு, ஊர் விஷயத்தைக் கை தூக்கி நாங்களே முடிவு செய்வோம். அந்த வருஷக் கேள்வி, நோரீனின் கம்ப்யூட்டரை ஊருடையதாக ஏற்பதா, பிடுங்கிவிட்டுக் கம்பெனிக்கே திரும்புவதா என்பது.

மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் ராய்ஸ் டாட்ரோ எழுந்தான். கூட்டத்தில் ஒருவரோடொருவர் நேராகச் சண்டை போட முடியாது. எல்லாம் சபைத் தலைவர் ஹாலிஸிடம்தான் சொல்ல வேண்டும்.

"தலைவரே, பனி தள்றேன்னு ரோட்டோரம் நட்டிருந்த என் தபால்பெட்டியச் சாய்ச்ச அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க."

"தபால்பெட்டி இன்னிக்கு விவாதத்துல இல்ல, ராய்ஸ்."

"சரி. நாங்க தனியா எழுதிக்கிறத அவ படிக்க முடியுமா? முடியும், முடியாது. அவ்ளோதான்."

எல்லாரும் 'முடியாது' வரும் என்று காத்திருந்தோம். நோரீன் தொப்பியைக் கழற்றினாள்.

"முடியும், தலைவரே. படிச்சதில்ல. நெனச்சா முடியும்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. எனக்குக் கோபம் வந்தது. எழுந்தேன்.

"கம்பெனிக்காரனும்தான் படிச்சான்! அப்ப யாரும் எந்திரிச்சுக் கேக்கலயே?"

"அவன் எவனோ, தலைவரே. என் மூலவியாதியப் பத்தி அவன் படிச்சா எனக்கென்ன? நாளைக்கு மளிகைக் கடையில எனக்குப் பின்னாடி வந்து நிக்கப்போறானா? இவ நிப்பா."

"இப்ப ஊரே தெரிஞ்சுக்கிட்டு நிக்குமேய்யா," என்றது பின்வரிசை.

சிரித்தார்கள். ஆனால் ராய்ஸ் சொன்னது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன். என் வீட்டுச் சண்டையைப் பற்றி நானும் தம்பிக்கு அதில் எழுதித்தான் இருந்தேன்.

ஓட்டெடுப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினார் ஹாலிஸ். அவரவர் கொண்டுவந்த சட்டிகள் நீள மேசையில் இருந்தன. எப்போதும் முதலில் காலியாகிறது நோரீனின் பீன்ஸ்தான். அன்று மூடியைத் தூக்க ஆளில்லை. காப்பியோடு அவள் தனியாக நின்றிருந்தாள்.

"முடியாதுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்றேன்.

"முடியுமே."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவன் கேட்டது சரியான கேள்வி. நாளைக்கு என் எடத்துல ஒரு திருட்டுப்பய உக்காந்தா?"

அவள் பார்வை மூலையில் இருந்த ஓட்டுப் பெட்டிக்குப் போயிற்று. பழைய மரப்பெட்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி ஒரு கட்சிக்காரரிடம், இன்னொன்று எதிர்க்கட்சிக்காரரிடம். எங்கள் ஊரில் அப்படித்தான்.

கூட்டம் திரும்பக் கூடியதும் கை தூக்கினாள்.

"தலைவரே, கடவுச்சொல்ல ரெண்டாப் பிரிச்சிரலாம். பாதி என்கிட்ட. மீதி, என்னைக் கொஞ்சமும் நம்பாத ஆள்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாத்தான் உள்ள போக முடியணும். நான் ராய்ஸ் டாட்ரோவ முன்மொழியறேன்."

"தலைவரே, எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாது!"

"தெரிய வேணாம். சந்தேகப்படத் தெரிஞ்சாப் போதும்."

"அதுல அவனை மிஞ்ச ஆளில்ல," என்றது பின்வரிசை.

வேலித் தகராறு தீர்க்க எங்களிடம் ஒரு பதவி உண்டு. வேலியைப் பற்றி எவன் ஓயாமல் புலம்புகிறானோ அவன் தலையில்தான் அதைக் கட்டுவோம். இதுவும் அப்படியே ஆயிற்று. கம்ப்யூட்டர் ஊருடையது, பாதிச் சாவி ராய்ஸுடையது. எதிர்த்துத் தூக்கிய ஒரே கை அவனுடையது.

அந்த மாதக் கடைசியில் காற்றில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஆறும் ஏறியிருந்தது. பாதிச் சாவிக்காரனை அழைக்க நோரீன் போயிருப்பாள் என்று ராய்ஸின் பாகுக் கொட்டகைக்குப் போனேன். உள்ளே ஒரே ஆவி. பாகு பதத்துக்கு நெருங்கியிருந்தது. விட்டு நகர்ந்தால் கருகிவிடும்.

"பாலத்துக்குக் குறுக்கே கட்டை போட்டுட்டேன், நீ சுத்திப் போ," என்றாள் நோரீன். "மத்தவங்களுக்கும் சொல்லணும். இவன் வரணும்."

"பாதியச் சொல்லிட்டுப் போயேன்யா ராய்ஸ்!" என்றேன்.

ராய்ஸ் கரண்டியை எடுக்காமல் அவளைப் பார்த்தான். "காதக் குடு நோரீன், சொல்லிடறேன். நீயே போய்த் தொற."

"சொல்லாத."

"நம்பறேன்னு வச்சுக்கயேன்."

"அதுதான் வேணாங்கறேன். நீ நம்பாம இருக்கத்தான் ஊர் உன்னை வச்சிருக்கு."

சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றிப் போட்டு, பாகு சீக்கிரம் முடியட்டும் என்று விறகை எடுத்து அடுப்பில் திணிக்க ஆரம்பித்தாள். நான் சுற்றிப் போனேன். பால் தாமதம், திட்டு வாங்கினேன்.

பால் இறக்கும்போது போன் அதிர்ந்தது. ஊர்க் கம்ப்யூட்டரில் 'பாலம் மூடப்பட்டது, நோரீன்' என்றிருந்தது. அதற்குக் கீழே ராய்ஸ் எழுதியிருந்தான்: என் தபால்பெட்டி இன்னும் நிமிரவில்லை.