அந்த வால்வை மூடியது ஞானதுரை இல்லை

வாய் மூடி இருந்தது போதும். துரை அண்ணாச்சி உயிரோடு இருந்தவரை அவர் கேட்டுக்கொண்டதற்காகப் பேசாமல் இருந்தேன். இனிமேலும் பேசாமல் இருந்தால் அது அவருக்காக இருக்காது, மற்றவர்களுக்காக இருக்கும். அந்த மற்றவர்களுக்கு நான் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை, அதற்கு அவர்கள் தகுதியானவர்களும் இல்லை.

செய்தி வந்தபோது வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இருந்தேன். நீச்சல் குளத்து மோட்டாரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகூடையை வெளியே எடுத்திருந்தேன். வேப்பிலை, தலைமுடி, யாரோ காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, ஊறி வெளுத்த ஒரு தவளை. கைபேசி அடித்தது. ராஜபாளையத்து மில்காரர் ஒருவரின் மேனேஜர்.

“சார், நம்ம ஞானதுரை அண்ணன் காலைல தவறிட்டாராம்ல. நெஞ்சு வலியாம். மொதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு. ஃப்ளெக்ஸ் அடிக்கணும், நல்ல போட்டோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க.”

சாவும் ஃப்ளெக்ஸும் ஒரே மூச்சில். போட்டோ இல்லை என்று சொன்னேன். இருந்தது. தவளையைப் புதரில் வீசிவிட்டு, கூடையைக் கழுவி உள்ளே வைத்து மூடியைத் திருகினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராணுவத்தில் குடிநீர், குழாய் வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் தண்ணீர் லாரியைப் பார்த்துக் குடங்கள் வரிசையில் நிற்கும் கோடையிலும், பங்களா கட்டியவர்கள் பின்னால் நீச்சல் குளமும் வெட்டத் தொடங்கிய காலம் அது. வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. மீதிப் பாதிப் பேரின் குளத்தில் தண்ணீர் ஓடாது. ஓட வைப்பது அவர் தொழில். பிறகு என் தொழிலும் ஆனது. நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் திரவ இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தவன். கல்லூரியைத் தாளாளர் கல்யாண மண்டபமாக மாற்றிவிட்டார். அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். எழுதும் அளவுக்கு அவர் லாயக்கில்லை.

நாங்கள் சந்தித்தது ஒரு டாக்டர் வீட்டு வாசலில். அவர் குளத்தில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மோட்டாரை மாற்றி மாற்றிப் பெரிதாக்கிக்கொண்டே போனார். பெரிதாக்கப் பெரிதாக்க மோட்டார் கத்தியது, தண்ணீர் கூடவில்லை. குழாய் சிறியது, வளைவுகள் அதிகம், மோட்டாரை மாற்றிப் பயனில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “நீங்க படிச்சவரு, ஆனா பிராக்டிகல் இல்ல” என்று அனுப்பிவிட்டார். கேட்டை விட்டு வெளியே வந்தால், பைக்கில் சாய்ந்தபடி இவர் நிற்கிறார்.

“ஒங்களையும் வெளிய போகச் சொல்லிட்டாவளா?”

“ஆமா.”

“பைப் சின்னதுன்னு சொன்னீயளோ?”

“ஆமா.”

“நான் போன மாசம் அதைச் சொல்லித்தான் போனேன். இன்னிக்குப் புது மோட்டார மாட்டணும்னு திரும்பக் கூப்பிட்டிருக்காவ. மாட்ட மாட்டேன்னு சொல்லத்தான் வந்தேன். வாங்க வாத்தியாரே, மொதல்ல டீயக் குடிப்போம்.”

அன்றிலிருந்து நான் அவருக்கு வாத்தியார், அவர் எனக்கு அண்ணாச்சி.

வேலையில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. “மொதல்ல கூடையப் பாரு. பொறவு முள்ளப் பாரு. கடைசியா வீட்டுக்காரன் மூஞ்சியப் பாரு” என்பார். கூடை என்றால் மோட்டாருக்கு முன்னால் குப்பையைப் பிடிக்கும் கூடை. முள் என்றால் வடிகட்டித் தொட்டியின் மேல் இருக்கும் அழுத்தமானியின் முள். முள் ஏறி நின்றால் அடைப்பு மோட்டாருக்குப் பின்னால், வடிகட்டித் தொட்டியின் மணலில். முள் இறங்கிக் கிடந்தால் கோளாறு மோட்டாருக்கு முன்னால், இழுக்கும் குழாயில். வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பது எதற்கு என்று கேட்டேன். “எதைக் கழட்டி எதை மாட்டுனோம்னு சொல்லவா போறாவ? மூஞ்சிலதான் எழுதியிருக்கும்” என்றார்.

காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க அவர் தோள்பையில் ஷேவிங் ஃபோம் டப்பா இருக்கும். மோட்டார் ஓடும்போது குழாயின் இணைப்புகளைச் சுற்றி அந்த நுரையைப் பூசுவார். எந்த இணைப்பில் நுரை உள்ளே உறிஞ்சப்படுகிறதோ அங்கே ஓட்டை. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் வீட்டில் இதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி கேட்டார்: “என்னண்ணே, பைப்புக்கு ஷேவிங்கா?”

“ஆமாத்தா. வருசக்கணக்கா யாரும் கவனிக்கல, தாடி வளந்துருச்சு.”

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தத் தாடி யாருடையது என்று புரிந்திருக்கும். காசை மிச்சம் பிடிக்க, முன்பு ஓர் அரைகுறை ஆளை வைத்து ஒப்பேற்றியது அவர்தான்.

இனி மில்காரர் வீடு. பெயரை எழுதவில்லை. ராஜபாளையத்தில் இருப்பவர்களுக்கு எழுத வேண்டியதில்லை.

அந்த வீட்டை வடிவமைத்தது கட்டடக்கலைஞர் இல்லை, வாஸ்துக்காரர். தண்ணீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்பதால் குளம் வடகிழக்கு மூலையில். மோட்டார் நெருப்பு என்பதால் மோட்டார் அறை தென்கிழக்கில், அக்னி மூலையில். நடுவே வீட்டின் கிழக்குப் பக்கம் முழுக்க, தோட்டம், நாய்க்கூண்டு, கார் நிறுத்தும் இடம் எல்லாம் தாண்டி இழுகுழாய் போகிறது. அவ்வளவு தூரத்தில் காற்று புகாமல் இருந்தால்தான் அதிசயம். அண்ணாச்சி நாள் முழுக்கக் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தேடி, கார் நிற்கும் இடத்துக்குக் கீழே கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்தார். தண்ணீர் பாய்ந்தது. மில்காரர் கைகொடுக்கவில்லை. ஏதோ வாஸ்துவே சரி செய்ததுபோல ஈசானியத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த வீட்டுக் குளத்தில் அண்ணாச்சிக்கு ஒரு பயம் இருந்தது. குளத்து நீரை மோட்டார் இரண்டு வாய் வழியாக இழுக்கும். ஒன்று குளத்தின் அடியில். மற்றது மேல்மட்டத்தில், மிதக்கும் இலைகளை விழுங்குவது. இரண்டும் திறந்திருந்தால் இழுப்பு பங்காகிவிடும். மேல்வாயின் வால்வை மூடினால் மோட்டாரின் மொத்த இழுப்பும் அடியில் இருக்கும் ஒற்றை வாயில் விழும். கையோ முடியோ அதன் பக்கம் போனால் விடாது. அடியில் இன்னொரு வாய் வைக்கச் சொன்னார். டைல்ஸை உடைக்க வேண்டுமே என்று மறுத்துவிட்டார்கள். வாஸ்துக்காரரோ, ஈசானியத்துத் தண்ணீரை மேலே இருந்து இழுத்தால் வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று அந்த மேல்வாயையே மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“லட்சுமி போனா திரும்பி வருவா சாமி. பிள்ளைக குளிக்கிற எடம் இது” என்று அண்ணாச்சி அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறகு வால்வைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியைக் குழாயோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். குறடு இல்லாமல் யாரும் அதைத் திருப்ப முடியாது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீட்டார் எல்லாரையும் கூப்பிட்டு, “இதை மட்டும் தொடாதீக” என்று சொன்னதையும் கேட்டேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு மதியம், அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மில்காரரின் பேத்தி குளத்துக்குள் முங்கினாள். பின்னல் அடிவாயில் சிக்கிக்கொண்டது. உள்ளே குதித்தவர்களால் இழுக்க முடியவில்லை. மோட்டாரை நிறுத்த வேண்டும். மோட்டார் அக்னி மூலையில். வாட்ச்மேன் குளத்திலிருந்து தோட்டத்தைத் தாண்டி, நாய்களைத் தாண்டி, கார்களைத் தாண்டி ஓடினார். அவர் ஓடிய தூரத்தை வாஸ்துக்காரர் ஒருநாளும் ஓடிப் பார்த்திருக்க மாட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, தலையின் ஒரு பக்கம் முடியில்லாமல் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை நானும் அண்ணாச்சியும் போனோம். மேல்வாய் வால்வு மூடியிருந்தது. கட்டுக்கம்பி துண்டாக வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டிருந்தது: ஞானதுரை வால்வை மூடிவிட்டுப் போய்விட்டான்.

வெட்டியது அந்த வீட்டில் ஒருவர். யார் என்று வாட்ச்மேன் பார்த்திருந்தார், எங்கள் இருவரிடமும் சொன்னார். நேராகப் போய்க் கேட்போம் என்று நான் குதித்தேன். அண்ணாச்சி கம்பித் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பைக்கை எடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் மடவார்வளாகம் வரை ஓட்டினார். அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னார்.

“வாத்தியாரே, அந்தப் பிள்ளை நாளைக்கு வளரும். யாரு மூடுனதுன்னு தெரிஞ்சுட்டா அது அந்த வீட்டுல எப்படிச் சோறு திங்கும்? யாரு கையில திங்கும்? நான் வெளியாளு. எம்மேல கெடக்கட்டும். நீங்களும் சொல்லிராதீக.”

எனக்கு அந்தப் பெருந்தன்மை பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை. தகுதி இல்லாதவர்களுக்குச் செய்யும் பெருந்தன்மையைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. அதையும் அவரிடம் சொன்னேன். “அவியளுக்கு யாரு செஞ்சா? பிள்ளைக்குச் செய்யுதேன்” என்றார்.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் அவர் வீட்டுக்கு வந்தார். மொதலாளி போலீஸுக்குப் போக வேண்டாம் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறாராம். கையில் ஒரு பால்கோவாப் பெட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கு ராஜபாளையத்திலிருந்து பால்கோவா. அண்ணாச்சி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க தெருமுனைக் கடையிலதான் வாங்கியிருக்கீக. ஒரு நடை மிச்சம்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ராஜபாளையத்தில் ஒரு வீடும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் நுரை பூசித் தண்ணீர் ஓட வைத்த குளங்களில் குளித்தவர்கள், அவரைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் போகும் சர்ச்சின் சபைக் கமிட்டியிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, “ஜனங்க ஒரு மாதிரிப் பேசுதாங்க பிரதர்” என்றார்களாம். பேசியவர்கள் கமிட்டிக்காரர்கள்தான். கடைசி வருஷங்களில் சுந்தரபாண்டியம் பக்கம் தோட்டங்களில் கிணற்று மோட்டார் பார்த்து வந்தார். கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். என்னைப் பங்களாக்கள் தொடர்ந்து கூப்பிட்டன. நான் போனேன்.

அடக்கத்துக்கு மில்காரர் வந்தார். வரும் வழியெல்லாம் ஃப்ளெக்ஸ். அதில் வருந்துகிறவர்களின் முகங்கள் பெரிது பெரிதாக, அவரவர் பட்டங்களோடு. ஒரு மூலையில் இறந்தவர், அதுவும் யாருடைய கல்யாணப் போட்டோவிலிருந்தோ வெட்டியது. பக்கத்தில் நின்றவரின் தோள் வெட்டுப்படாமல் அப்படியே இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மில்காரர் முன்னால் வந்தார்.

“துரை எங்க வீட்டு ஆளு மாதிரி. மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நானும் என் குடும்பமும் அதை என்னைக்கோ மன்னிச்சிட்டோம்.”

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. எனக்குப் பின்னால் ஒருவர், “பெரிய மனசுய்யா” என்றார். அண்ணாச்சியின் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதனைக் குழிக்குள் வைத்து மன்னித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அதைவிட அசிங்கமாக எந்தக் கூடையிலிருந்தும் எதையும் நான் எடுத்ததில்லை.

கூட்டம் கலைந்தபோது ஒரு பெண் என் அருகில் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் வயது, குட்டையாக வெட்டிய முடி. யார் என்று உடனே தெரிந்தது.

“அங்கிள், நெசமாவே அவருதான் மூடுனாரா?”

“இல்லம்மா.”

“அப்ப யாரு?”

கொஞ்ச தூரத்தில் அவள் வீட்டார் காரருகே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும்தான் பார்த்தார்கள். “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அண்ணாச்சி என்னிடம் கேட்டது இரண்டு. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, பழி தன் மேலேயே கிடக்கட்டும். முதலாவதைக் காப்பாற்றியிருக்கிறேன், காப்பாற்றுவேன். இரண்டாவதை இன்று மீறுகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை அவர் குழி மேல் அவர்கள் போட்ட பிறகு, அதை அங்கேயே கிடக்க விட எனக்கு மனமில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணாச்சியின் மனைவி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு ஷேவிங் ஃபோம் டப்பாவைக் கொடுத்தார். “நீங்க வச்சுக்கோங்க தம்பி. அவிய ஒருநாளும் மூஞ்சிக்குப் போட்டதில்ல. சவரத்துக்கு எப்பவும் சோப்புதான்.” டப்பாவைச் சுற்றி அந்த வெட்டுப்பட்ட கட்டுக்கம்பி வளையமாகச் சுற்றியிருந்தது. அந்த ஒரு போட்டோவைத் தவிர, அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இவ்வளவே. டப்பாவில் இன்னும் கொஞ்சம் நுரை இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் இனி முதலில் மேல்வாய் வால்வைத்தான் பார்ப்பேன். அது மூடியிருந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் பேசுவேன்.

இதை ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்கும் முகநூல் பக்கத்தில் பதிவிடப் போகிறேன். கீழே என் பெயரைப் போடப் போவதில்லை. எழுதியது யார் என்று பொழுது சாய்வதற்குள் மேனேஜர் கண்டுபிடித்துவிடுவார், தாராளமாகக் கண்டுபிடிக்கட்டும். ஆனால் அண்ணாச்சியின் சாவில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் ஏற்கெனவே அதிகம். தெருவெல்லாம் தொங்குகிறார்கள். இதில் ஒரு பெயர் இருந்தால் போதும். ஞானதுரை.