ஒரே கணினியிலிருந்து ஐம்பத்தெட்டு வாக்குகள்

போர்நிறுத்தம் என்று பேருக்கு ஒன்று இருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாவட்டத்து ஆட்கள் எங்கெங்கோ இருந்து எழுதிக்கொள்ளும் ஒரு சின்ன இணையத்தளம் இருந்தது. கனடாவில் இருந்த மச்சாள்தான் அதைத் தொடங்கினாள். அவளுக்கு வேலை கிடைத்ததும் முழுப் பாரமும் என் தலையில் விழுந்தது.

அந்த வருடம் ஒரு விருதுப் போட்டி வைத்தே ஆக வேண்டும் என்று உறுப்பினர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். வாசகர்களே வாக்களித்துச் சிறந்த பதிவைத் தெரிவு செய்வதாம். செலவைப் பகிர்ந்துகொள்வோம் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். பிறகு வந்ததெல்லாம் ஆலோசனைதான். கேடயம் கண்ணாடியில் இருக்க வேண்டும் என்றார் ஒருவர். பித்தளைதான் மரியாதை என்றார் இன்னொருவர். கடைசியில் பித்தளையில் செய்வித்தால் அதில் எழுத்துப் பிழை. திரும்பவும் கடைக்கு அலைந்தேன். கூட்டம் கூடியதில் தளம் இரண்டு முறை படுத்துவிட்டது. தளத்துக்குக் கூடுதல் இடம் வாங்க மச்சாளின் கடன் அட்டையில்தான் பணம் கட்ட வேண்டும். அதற்காக அவளிடம் நான் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. சாப்பிடும்போதுகூட யாரோ ஒருவரின் முறைப்பாட்டுக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாக்களிப்பு முடிந்தபோது தோப்பூரைச் சேர்ந்த ஒரு தையல்காரப் பெண் முதலிடத்தில் இருந்தார். இடம்பெயர்ந்தபோது தையல் மெஷினை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோனதைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டாவதாக வந்த லண்டன்காரர் உடனே எழுதினார்: இது கள்ள வாக்கு, தேடிப் பாருங்கள். பார்த்தேன். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு விழுந்த வாக்குகளில் ஐம்பத்தெட்டு ஒரே கணினியிலிருந்து வந்தவை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் இங்கே மாதக்கணக்காக மாரடிக்கிறேன், ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே ஐம்பத்தெட்டுப் பேராகிவிட்டாளே! அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கள்ள வாக்குப் போட்டதால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார் என்று பெயருடன் முதல் பக்கத்திலேயே போட்டேன். கேடயத்தை லண்டனுக்கு அனுப்பிவிட்டு, சனியன் தொலைந்தது என்று இருந்தேன்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கடலைக் கடந்து வரும் மூதூர் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில் வந்திருக்கிறார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் நீளமான கொப்பி ஒன்று.

"நீங்களோ பிள்ளை அந்தப் போட்டி நடத்தினது?"

"ஓம்."

"தோப்பூரில கொம்பியூட்டர் கடை வச்சிருக்கிறது நான். எங்கட பக்கத்தில நெற் வாற கொம்பியூட்டர் அது ஒண்டுதான். அதில போடாம வேற எதில போடுறது?"

கொப்பியை விரித்தார். பாதுகாப்புக் கெடுபிடிக்காக, கடைக்கு வருகிற ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் அதில் வாங்கியிருந்தார். அந்த ஐம்பத்தெட்டுப் பேரும் இருந்தார்கள். இரண்டு இடத்தில் கைநாட்டு.

"அவை ரெண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. அவ எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லி, முழுக்கக் கேட்டுட்டுத்தான் வாக்குப் போட்டவை."

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, எரிச்சல். இனி இன்னொரு கேடயம், இன்னொரு அறிவித்தல், லண்டன்காரரோடு இன்னொரு சண்டை! அவர் போன பிறகுதான் அந்தக் கைநாட்டு இரண்டும் மனதைக் குடையத் தொடங்கின.

சனிக்கிழமை தோப்பூருக்குப் போக நானும் லோஞ்ச் ஏறினேன். அந்தத் தையல்காரப் பெண் மெஷினில் இருந்து எழும்பவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடியும்வரை தைத்துக்கொண்டே இருந்தார்.

"பரிசு அவரிட்டயே இருக்கட்டும். அந்த அறிவித்தலை மட்டும் எடுத்துவிடுங்கோ. கடைக்கு வாற சனமெல்லாம் முதல்ல அதைத்தான் பாக்குதுகள். எனக்கு றோட்டால போக ஏலாமக் கிடக்கு."

நேரே கணினிக் கடைக்குப் போனோம். எனக்கு முன்னால் ஏழு பேர். அவசரம் என்றேன். கடைக்காரர் நிமிர்ந்தும் பார்க்காமல், "வரிசையில வாங்கோ பிள்ளை" என்றார். தொலைபேசி இணைப்பு மூன்று முறை அறுந்தது. நடுவில் கரண்ட் போனது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், வாக்குப் போட தான் அடுத்தடுத்து இரண்டு நாள் கடைக்கு நடந்து வந்ததாகச் சொன்னார். முதல் நாள் இணைப்பே கிடைக்கவில்லையாம். அதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் முறை வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அறிவித்தலை நீக்கினேன். தவறு முழுவதும் என்னுடையது, வென்றவர் இவர்தான் என்று எழுதினேன். பக்கம் திறந்து அந்த வரிகள் திரையில் வரும்வரை தையல்காரப் பெண் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் கடைசி லோஞ்ச் போயிருந்தது.

"இனிப் போக ஏலாது. வீட்ட வாங்கோ, சாப்பிட்டுப் படுத்திட்டுக் காலமை போகலாம்" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு கதைத்த இரண்டாவது கதை அதுதான்.

லண்டன்காரர் கேடயத்தைத் திருப்பித் தரவில்லை. போட்டி விதிகளைப் பற்றி மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினார். நான் இன்னொன்று செய்வித்துக் கடைக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வருடமும் போட்டி வைப்போமா என்று கேட்டவர்களுக்கு, என்னால் ஏலாது என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்தப் போட்டியால் நான் பட்ட செலவையும் அலைச்சலையும் பல வருடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆனால் ஒரு வாக்குக்காக இரண்டு நாள் நடந்து வந்த பெண்ணைக் கள்ளக்கணக்கில் சேர்க்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.