சிலையின் சிவப்புத் துணி

ஜப்பானில் நான் செய்தது திருட்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

நகசெந்தோ என்ற பழைய நடைவழியில், ஒரு மரத்தடியில் குழந்தை முகத்துடன் கல் சிலை ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஒன்பது வருடமாகப் பிள்ளை வரம் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் நின்று கும்பிட்டோம்.

"சாமிக்குச் சாத்தின துணிங்க. பிரசாதமா எடுத்துக்கலாம்," என்றாள் மனைவி. நான்தான் அவிழ்த்தேன். டோக்கியோ ரயிலில் மூச்சுவிட இடமில்லாத கூட்டத்திலும் அவள் அந்தத் துணி இருந்த கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றாள்.

நியூசிலாந்து திரும்பியதும், பக்குரங்காவில் உள்ள எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் அதை வைத்தோம். போன சனிக்கிழமை தேநீருக்கு வந்த பக்கத்து வீட்டு ஜப்பானியப் பெண்மணி அதைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எங்கே கிடைத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன்.

குழந்தையைப் பறிகொடுத்த அம்மாக்கள் கட்டுவது அது, போன இடத்தில் பிள்ளைக்குக் குளிரக்கூடாது என்று கட்டுவார்கள் என்றார்.

மனைவி துணியைக் கையில் எடுத்துப் புரட்டினாள். ஓரமெல்லாம் கையால் போட்ட பொடிப்பொடித் தையல்கள். தினமும் கும்பிட்டும் ஒருநாள்கூட நான் அதைக் கவனித்ததில்லை.

"டிக்கெட் போடுங்க," என்றாள் அவள். "அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும்."