இடப்பக்கத்து வெளிச்சம்

எண்ணெய் தடவிய தலைமுடி பல்பில் பட்டுத் தீயும் வாசனை எல்லோருக்கும் பழக்கமாகியிருக்காது. கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த எங்கள் "லைன் வீட்டில்" ஏறக்குறைய ஒரு வருஷம், மாலையானால் அந்த வாசனைதான். அம்மா தையல் மிஷினில் குனிந்திருப்பாள். முதுகு வலித்து நிமிரும்போதெல்லாம் கொண்டையை விட்டு விலகி நின்ற நாலைந்து முடிகள் பின்னால் தொங்கிய பல்பில் உரசிச் சுருண்டுபோகும். ஒரு வாரத்தில் பதினோரு தடவை என்று எண்ணி வைத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. எதையும் எண்ணாமல் விட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்ற பயம் அந்த வயதிலேயே என்னைப் பிடித்துவிட்டது, எழுபத்தொன்றிலும் விடவில்லை.

பல்பை அந்த இடத்தில் தொங்கவிட்டவர் அப்பா. சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. "கேஜ்" என்கிற இரும்புக்கூண்டில் இறங்கி, "லெவல்" என்கிற அடிநிலச் சுரங்கப்பாதைக்குப் போய்விட்டால் ஷிப்ட் முடியும் வரை தொப்பியில் மாட்டிய விளக்கு ஒன்றுதான் அவருக்குச் சூரியன். முகம் திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் கூடவே திரும்பும். அதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. அம்மாவின் தலையில் விளக்கு மாட்ட முடியாது என்பதால், அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையிலிருந்து அவள் நெற்றி வரை சாண் போட்டு அளந்து, சரியாக அதே உயரத்தில், அவள் தலைக்குப் பின்னால் பல்பைக் கட்டினார். அளவில் ஒரு விரல்கூடப் பிசகவில்லை. இடம்தான் பிசகியது.

வெளிச்சத்துக்கும் துணிக்கும் நடுவே அம்மாவின் தலை நின்றது. ஊசி இறங்கும் இடத்தில் தோசைக்கல் அளவுக்குக் கறுப்பு வட்டம். அதற்குள் கையை நீட்டித் தடவித் தடவித் தைப்பாள். விரலில் ஊசி ஏறும். படுக்கப்போகும்போது தலைவலி என்று நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பல்பை மாற்றிக் கட்டுங்கள் என்று கேட்கவும் அவளுக்குத் தயக்கம், அவர் அத்தனை ஆசையாக அளந்து கட்டியிருந்தார்.

அந்த மிஷின் குடியாத்தத்திலிருந்து என் தாய்மாமன் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. அம்மாவுக்கு என்று எங்கள் வீட்டில் இருந்த ஒரே பொருள் அது. அதுவரை எங்கள் சட்டைகளையும் தலையணை உறைகளையும் தைத்துக்கொண்டிருந்தவளை நம்பி, நாலாவது வீட்டு அமலா அக்கா கோயில் திருநாளுக்கு ஒன்பது பாவாடை தைக்கத் துணி கொண்டுவந்தார். பாட்டுக்குழுப் பெண்களுக்காக அடர் நீலத் துணி. இடுப்புப்பட்டிக்கு உள்ளே வைத்துத் தைக்கக் கறுப்புத் துணி. அம்மா ஆறு மாலைகளில் முடித்தாள்.

ஏழாம் நாள் காலையில் அமலா அக்கா பாவாடைகளை வாசல் வெயிலில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஏழு நீலம். இரண்டுக்கு இடுப்புப்பட்டி வெளியிலேயே கறுப்பு. மஞ்சள் பல்பின் நிழலில் நீலமும் கறுப்பும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"இன்னா ராஜம்மா, ஏழு பேரு பாட்டுப் பாட, ரெண்டு பேரு துக்கம் விசாரிக்கவா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குழாயடியில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். முதல் ஷிப்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தலைவலி போதாது, விரலில் குத்து போதாது, இப்போது அடுத்தவர் துணியும் பாழ் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு, படி இறங்கும்போது முடிவையும் சொன்னார்: "ஞாயித்துக்கெழம உன் அண்ணன் வரான் இல்ல, மிஷின அவங்கூடவே ஊருக்கு அனுப்பிடு."

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் என்று மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவையும் மூன்றுதான் வந்தது.

அம்மா அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மிஷினை இழுக்க ஆரம்பித்தாள். எங்கள் வீடு முழுவதும் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். அதற்குள் ஏழு இடங்களில் அதை நிறுத்தினாள். ஒவ்வோர் இடத்திலும் ஊசிக்குக் கீழே ஒரு நீலத் துண்டும் ஒரு கறுப்புத் துண்டும் போட்டு, இரண்டும் இரண்டாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். பிறகு ஒரு நூல்கண்டை நிமிர்த்தி வைத்து அதன் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் கண் கூசியது. ஜன்னலுக்கு முதுகு காட்டினால் மறுபடியும் அதே கறுப்பு வட்டம். ஏழாவதாக, ஜன்னல் இடக்கைப் பக்கம் வரும்படி நிறுத்தியபோது நூல்கண்டின் நிழல் வலப்பக்கமாக விழுந்து, ஊசியைத் தொடாமல் ஒதுங்கிக்கொண்டது. நீலம் நீலமாகவும் கறுப்பு கறுப்பாகவும் கிடந்தன. அம்மா இரண்டு துண்டுகளையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு பல்பை அவிழ்த்து, இடப்பக்கம் சற்று முன்னால், ஜன்னல் கம்பியில் கட்டினாள். ஒரு பால்மாவு டப்பாவைப் பாதியாக வெட்டி, உள்பக்கம் சுண்ணாம்பு அடித்து, வெளிச்சம் கண்ணில் படாமல் துணிமேல் மட்டும் விழும்படி மாட்டினாள்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் அவர் கண் நேராக வெறும் கயிற்றுக்குத்தான் போனது. அம்மா களியைத் தட்டில் வைத்தாள், அவர் தொடவில்லை. யாரைக் கேட்டு அவிழ்த்தாய் என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவள் பல்பைப் பழையபடி தலைக்குப் பின்னால் வரும்படி கட்டிவிட்டு, அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லி ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தாள். பாறையில் மயிர் அளவு விரிசலையும் கண்டுபிடிக்கிற கண் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறவர் அவர். மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். பதினான்கு தடவை நூலை நீட்டினார். பதினான்கு தடவையும் ஊசிக்குப் பக்கத்தில் காற்றைத்தான் குத்தினார். நான் எண்ணியது வாய்விட்டுக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

அம்மா பல்பை இடப்பக்கம் மாற்றிக் கட்டினாள். இரண்டாவது தடவையிலேயே நூல் நுழைந்துவிட்டது.

"உங்க லைட்டு உங்க மூஞ்சியோட திரும்புதுங்க. இந்த பல்பு ஒரே எடத்துல கீது. நான் குனிஞ்சா என் தலதான் அத மறைக்குது. தப்பு என் கையில இல்ல."

அப்பா நூல் கோத்த ஊசியைச் சற்று நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "களி ஆறிப்போச்சு, சூடா வேற போடு," என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டு எழுந்ததும் ஜன்னல் கம்பியில் அம்மா போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, சுரங்கத்தில் மரம் கட்டுகிற முடிச்சாகப் போட்டார். ஒன்று போதாதென்று இரண்டு.

துணியை வெட்டுவதும் நிறம் சேர்ப்பதும் பகலில் மட்டும், பல்பு தைப்பதற்கு மட்டும் என்று அம்மா தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். இரண்டு பட்டிகளையும் பிரித்து, மிச்சத் துணியில் நீலம் வைத்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், சாப்பிட்டார், வெறுங்கையோடு ரயில் ஏறினார். அந்தத் திருநாளில் ஒன்பது பெண்கள் ஒரே நீலத்தில் நின்று பாடியதை வேலியோரம் நின்று நானே எண்ணிப் பார்த்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மருமகள் சுமதி. பெங்களூருக்கு ரயிலில் போய்த் தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். வீட்டிலிருந்தே தைக்கலாம் என்று, ஆண்டர்சன்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பின்னறையைக் கேட்டாள். விளக்கு என் பொறுப்பு என்று முந்திக்கொண்டேன். ஒரு நீலத் துண்டு, ஒரு கறுப்புத் துண்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒவ்வொரு பல்பாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். மஞ்சளில் இரண்டு நிறமும் கலந்தன. ஒன்றின் வெள்ளை ஆஸ்பத்திரி போலக் கண்ணைக் கரித்தது. ஆறாவதைப் போடும்போது கடைக்காரர், "இன்னா சார், பல்பு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார். ஒன்பதாவதுதான் பகல் வெளிச்சம் போல இருந்தது. அறைக்கு ஒரு டியூப் லைட்டும், மேஜைக்குக் கழுத்து வளைகிற ஒரு விளக்கும் வாங்கினேன். மிஷினிலேயே ஊசிக்கு மேல் சின்ன பல்பு இருப்பதால், மேஜை விளக்கு கைவேலைக்கு. ஒயர் சூடாகிறதா என்று மூன்று நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேஜையின் இடப்பக்கம் நாலு ஸ்குரூ போட்டு முடுக்கினேன்.

சுமதி உட்கார்ந்தாள். முதல் வேலையாக வந்திருந்த ரவிக்கைக்குக் கொக்கி வைக்க ஊசியை எடுத்தாள். துணிமேல் அவள் கையின் நிழல் பொத்தென்று விழுந்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எடது கை."

ஆறு வருஷமாக என் தட்டில் சோறு போடுகிறவள். பரிமாறுவது வலக்கையால் என்பதால் மற்ற வேலைகளுக்கு எந்தக் கை என்று நான் பார்த்ததே இல்லை. வீட்டுப் படிகளையும் மாத்திரைகளையும் தெருநாய்களையும் எண்ணுகிறவனுக்கு இது தெரியவில்லை. அப்பா அவருடைய தொப்பி விளக்கை வைத்து அளந்தார். நான் அம்மாவின் வலக்கையை வைத்து அளந்திருக்கிறேன். உட்காரப்போகிறவளை இரண்டு பேருமே கேட்கவில்லை.

நாலு ஸ்குரூவையும் கழற்றி வலப்பக்கம் மாட்டினோம். அவள் முடுக்கினாள், நான் பிடித்துக்கொண்டேன். இடப்பக்கம் நாலு ஓட்டை மிச்சம்.

அந்த லைன் வீடு இன்று இல்லை. அப்பா இறங்கிய சுரங்கத்தில் தண்ணீர் நிற்கிறது. பால்மாவு டப்பா எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. இவற்றையெல்லாம் நினைத்து வழக்கம்போல மனம் கனக்கும் என்று எதிர்பார்த்துத்தான் சுமதியின் மேஜையருகே நின்றேன். அவள் எட்டாவது கொக்கியை முடித்து நூலை அறுத்தாள். நீல ரவிக்கை, நீல நூல். துணியின் மேல் நிழலைத் தேடினேன், காணாமல் போனவற்றோடு அதுவும் போய்விட்டிருந்தது.