அரக்கனுக்கு வாய்த்த குரல்

டப்பிங் ஸ்டூடியோவில் சத்தங்களைச் சேர்ப்பதுதான் அவளுடைய வேலை. மகளைத் தூக்கிப்போன ஆற்று அரக்கனை ஒரு குடும்பமே துரத்தும் கொரியப் படம் வந்தபோது, உறுமல் மட்டும் சப்பென்று இருந்தது. ஞாயிறு மதியம் சோபாவில் மல்லாந்து கிடந்த கணவனின் குறட்டையைப் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து, அரக்கனுக்குக் கொடுத்துவிட்டாள். குறட்டை விடுகிறீர்கள் என்றாலே வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருகிற ஆள் அவன்.

தியேட்டரில் அரக்கன் வாயைத் திறந்ததும் அவன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"என்ன சத்தம் இது? ஈரக்குலையே நடுங்குது."

"உங்க பொண்ணைப் பாருங்க" என்றாள்.

தினமும் அப்பா பக்கத்தில் படுத்தே பழகிய குட்டி மகள், உறுமல் கேட்டதும் கொட்டாவி விட்டு, அவன் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போயிருந்தாள்.