கிற்றாருக்குப் பூசிய கிறீஸ்

அந்த ஓகஸ்ட் விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கதைதான். மலிவுக் கிற்றாருக்கு நல்ல பாகங்களை மாற்றிப் போட்டால் அது விலை கூடிய கிற்றாரை வெல்லுமா, வெல்லாதா? குடும்பத்தில் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. பத்து வயதான எனக்கும் ஒன்று இருந்தது.

வாசிக்கத் தெரிந்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. திருகோணமலைப் பட்டினத்தில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் இசைக்குழுவோடு கல்யாண வீடுகளுக்குப் போவார். அவருடைய மின்கிற்றார் மலிவானது. துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் உப்புக்காற்று அதற்குள் புகுந்து சுவிட்சையும், கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத் துண்டுகளையும் அரித்துவிட்டது. மாமா கொழும்பிலிருந்து புதியவற்றை எடுப்பித்து, வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு கிழமை, ஏழு நாளும், குனிந்த தலை நிமிராமல் பூட்டினார். பக்கத்தில் இருந்து திருகாணிகளைக் காவல் காத்தது நான்.

அந்த நேரத்தில்தான் அவருடைய அண்ணன், பெரிய மாமா, கனடாவிலிருந்து பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்கை ஊரில் செய்ய வந்து இறங்கினார். தம்பிக்கென்று கறுப்புப் பெட்டியில் ஒரு கிற்றாரும் கொண்டு வந்திருந்தார். அதைத் தொடவே எல்லோரும் கை கழுவினார்கள். சின்ன மாமா மட்டும் தொடவில்லை.

"பழைய வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டினா அது கப்பலாகுமோடா?" என்றார் பெரிய மாமா.

"ஓட்டையில்லாத வள்ளம் அண்ணை. எஞ்சின்தான் பிழை."

மீன்பிடி வள்ளம் வைத்திருந்த என் அப்பா, பேச்சு தன் பக்கம் வந்துவிட்டதென்று நினைத்து, உண்மையான எஞ்சினைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சடங்கன்று மண்டபத்தில் சின்ன மாமா தன்னுடையதை வாசிப்பார். அது நன்றாக ஒலித்தால் பெரிய மாமா தன் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோவார். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் தம்பி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன மாமாவுக்கு அது மானப் பிரச்சினை.

சடங்கன்று காலையில் மாமா கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்த்தார். வீடே வாயைப் பிளந்தது. "நீயே மூடியைப் பூட்டு, மருமகள்," என்று என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே பளபளவென்று புதுச் சுவிட்ச். இதையும் உப்புக்காற்று தின்றுவிடுமே என்று மனம் பதைத்தது. எஞ்சினில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் அப்பா கிறீஸ் பூசாமல் விடமாட்டார். அவருடைய டப்பாவிலிருந்து இரண்டு விரலால் வழித்தெடுத்து, சுவிட்ச், வயர் குத்தும் துளை, கைக்கு எட்டிய இடமெல்லாம் தாராளமாகப் பூசினேன். எட்டுத் திருகாணிகளையும் இறுக்கினேன். பிறகு கரண்ட் போய்விட்டது. மாமாவும் மறுபடி வாசித்துப் பார்க்கவில்லை.

ஓட்டோவில் போகும்போது குழுவின் மேளக்காரருக்கு மாமா பெருமையாக விளக்கினார். "உள்ளுக்க துளி அழுக்கோ எண்ணெயோ படக்கூடாது. பட்டா சத்தம் வராது."

நான் கிறீஸ் மணந்த இரண்டு விரலையும் பாவாடைக்குள் ஒளித்தேன். மண்டபத்தில் பெரிய மாமாவின் மகளான மச்சாளுக்கு ஆலாத்தித் தட்டுச் சுற்றினார்கள், படம் பிடித்தார்கள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. இரண்டு தடவை மாமாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். முதல் தடவை, "என்ன பிள்ளை, பசிக்குதோ?" என்று என் கையில் ஒரு வடையைத் திணித்தார். இரண்டாம் தடவை அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சேர்ட்டை விட்டுவிட்டேன். வேறு வழியில்லாமல், சத்தம் மட்டும் வந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். ஒரு தேங்காயில் தொடங்கிப் பதினொன்று வரை போனேன்.

மாமா மேடையேறினார். பாட்டின் முதல் இரண்டு வரி அருமையாக ஒலித்தது. பெரிய மாமாவே தலையாட்டினார். மூன்றாம் வரிக்காக மாமா சுவிட்சைத் தட்டினார். கரகரவென்று ஒரு சத்தம் எழும்பி, அடங்கிப்போனது. மாமா தட்டினார், திருகினார், வயரை மாற்றிக் குத்தினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் மூடியைக் கழற்றும்போது, வழக்கம்போலத் திருகாணிகளை வாங்க என் கை தானாக நீண்டது. மாமா உள்ளே விரலை விட்டு எடுத்தார், மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் பெரிய மாமா வந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

மாமா சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்துவிட்டு மூடியை அவசரமாகப் பூட்டினார். "நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. மலிவுச் சாமானுக்கு என்ன பூட்டியும் ஏலாது. உங்கடையைத் தாங்கோ."

புதியதை வாசித்தார். அது நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பெரிய மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நான் தப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் இரண்டு ஐஸ்கிறீம் சாப்பிட்டேன்.

அதன்பிறகு பழைய கிற்றார் அலுமாரிக்கு மேலே ஏறியது. வந்தவர் போனவர் எல்லாம் பெரிய மாமாவின் வள்ளக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். சின்ன மாமாவும் சேர்ந்து சிரித்தார். கிறீஸைத் துடைத்துக் கிற்றாரைச் சரிசெய்ய அவருக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அது மறுபடி பாடியிருந்தால், அன்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த வயதில் எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. விலை கூடியது கிடைத்ததும் பழையதை மறந்துவிட்டாரே என்று அவர்மேல் கோபித்துக்கொண்டு, ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவே இல்லை.